அம்மாவுக்குச் சொன்ன ஆர்க்கிட்

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதால் பார்க்க வைத்துவிடுவோம் என்று. பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கும் அது இருந்தது. பத்துமலைப் படிகளில் நிற்கும் தைப்பூசக் கூட்டத்தையும், கூட்டரசு நெடுஞ்சாலையில் நகராத கார்களையும் குளிரூட்டப்பட்ட அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வர்ணித்தவள் நான். அந்தக் கர்வம் போன ஆண்டு என் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம், ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு செடிக்கு முன்னால் காணாமல் போனது.

செடியைக் கொடுத்தவர் என்னோடு வேலை பார்க்கும் ஒலிப்பதிவாளர். பழைய தயிர் டப்பாவின் அடியில் துளை போட்டு, இலைமக்கு நிரப்பி, அதில் நட்டுக் கொண்டுவந்தார். "ஆர்க்கிட்" என்றார். நான் நம்பவில்லை. ஆர்க்கிட் என்றால் கல்யாண மண்டபத்து மேடையில் ஊதா நிறத்தில் வரிசையாக நிற்கும். இல்லையென்றால் மரக்கட்டையில் வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடும். இது மண்ணில் உட்கார்ந்திருந்தது. பூ ஒன்றும் இல்லை. வெறும் ஐந்தாறு இலை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்:

"என்னா பாப்பா, மண் வாசனை வருது?"

"செடிம்மா. காட்டு ஆர்க்கிட்டாம்."

"எப்படி இருக்கு?"

"அழகா இருக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரேடியோவுலயும் இப்படித்தான் சொல்வியா?" என்றார்.

அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆள் நடந்தால் நிழல் நகர்வது தெரியும். அவ்வளவுதான். இனிப்பு நீர் செய்த வேலை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தையல் மெஷினில்தான் எங்களை வளர்த்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை. அக்கம்பக்கத்து வீட்டு ரவிக்கைத் துணிகள் எல்லாம் எங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கும்.

ஒரு நாள் அவர், "ஊசி கோக்க முடியல பாப்பா, கண்ணு மங்குது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊசியில் நூல் கோக்கும் கம்பி ஒன்றை மூன்று வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தேன். அதே வாரம், "நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்" என்ற சுகாதார அறிவிப்பை நாளுக்கு நான்கு தடவை என் வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தேன். நல்ல உச்சரிப்போடு.

ஆகவே அன்று அம்மா கேட்ட கேள்விக்குச் சும்மா சிரித்துவிட்டு நகர முடியவில்லை. செடியை மேசைமேல் வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் அளவு. "உன் கட்டைவிரல் நீளம் இருக்கும்மா ஒரு இலை. ரெண்டு விரல் அகலம். முட்டையைத் தட்டையா அமுக்கி, ஒரு முனையை மட்டும் கிள்ளி இழுத்த மாதிரி."

"என்ன கலரு?"

"கருப்பு மாதிரி. ஆனா கருப்பு இல்ல."

"நாவப்பழமா, கத்திரிக்காயா?" அம்மா எப்போதும் நிறத்தைத் துணிக்கடைக்காரர் போலத்தான் விசாரிப்பார்.

இலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "மெரூன்மா. அடர்த்தியான மெரூன், அதுக்குள்ள கரும்பச்சை. நேராப் பார்த்தா கருப்பாத் தெரியுது, வெளிச்சத்துல பிடிச்சாத்தான் சிவப்பு வருது. மேல செம்பு நிறத்துல கோடு ஓடுது. காம்புலேருந்து நுனி வரைக்கும், நீளவாக்குல."

"ஜரிகையா?"

"ஜரிகைதான்."

இந்த ஜரிகை இலை நரம்புகள். ஆர்க்கிட்டுகள் புல், மூங்கில் போல ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் இலைகளில் பெரிய நரம்புகள் பொதுவாக நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஓடும். இந்தச் செடியில் அந்த நரம்புகள் மட்டும் செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் மின்னும். கோடுகளுக்கு இடையே இன்னும் மெல்லிய இழைகள் குறுக்கே ஓடி வலை போட்டிருக்கும். செடிக்கடைகளில் 'ஜுவல் ஆர்க்கிட்' என்று விற்பது இந்த வகையைத்தான். மற்ற ஆர்க்கிட்டுகளைப் பூவுக்காக வளர்ப்பார்கள், இதை இலைக்காக. தாவரவியல் பெயர் லுடிசியா டிஸ்கலர். தென்சீனா, வியட்நாம், தாய்லாந்து, மியன்மார், நம் தீபகற்ப மலேசியா என்று இந்தப் பகுதிக் காடுகளின் செடி இது. ஓடையோரப் பாறைகளிலும், மக்கிய சருகு படிந்த நிழல் தரையிலும் ஊர்ந்து வளரும்.

"கையைக் கொடும்மா" என்று அவர் விரலைப் பிடித்து இலைமேல் வைத்தேன்.

தடவிப் பார்த்தார். "வெல்வெட்டு." இன்னொரு தடவை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தடவினார். "இல்ல, வெல்வெட்டு இல்ல. வெல்வெட்டுக்கு ஒரு வாட்டம் இருக்கும். ஒரு பக்கம் தடவினா படியும், எதிர்ப்பக்கம் தடவினா முழிச்சுக்கும். வெட்டும்போது வாட்டம் பார்க்காம வெட்டினா ரவிக்கையில ஒரு கை ஒரு கலரா, இன்னொரு கை வேற கலராத் தெரியும். இது எப்படித் தடவினாலும் ஒரே மாதிரி இருக்கே."

பிறகு படித்துப் பார்த்தபோது, அம்மாவின் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது. வெல்வெட் துணியில் இருப்பது ஒரு பக்கம் சாயக்கூடிய நூல்முடி. இந்த இலையில் முடியே கிடையாது. மேல்தோலின் உயிரணு ஒவ்வொன்றும் குட்டிக் கூம்பு போல மேலே எழும்பி நிற்கிறது. கூம்புக்கு வாட்டம் ஏது? நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரிகிற ஒன்றை, முப்பது ஆண்டு துணி தடவிய விரல் துப்பறிந்துவிட்டது.

ஆனால் அடுத்து அம்மா கேட்டதற்குத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

"ஜரிகை கைக்குத் தட்டலையே பாப்பா?"

தட்டாது. அந்தக் கோடுகள் மேடாக இல்லை. வெறும் நிறம். எதற்காக உலகம் முழுக்க இந்தச் செடியைத் தேடி வாங்குகிறார்களோ, அது ஒன்றுதான் அம்மாவின் விரலுக்கு எட்டாதது.

"அது கலர் மட்டுந்தாம்மா."

"சரி. அப்ப அதை நீதான் சொல்லணும்" என்றார், சாதாரணமாக.

இலையின் அடிப்பக்கம் வேறு கதை. திருப்பினால் வழவழவென்று இருக்கிறது, நிறம் ஒயின் சிவப்பு. 'டிஸ்கலர்' என்ற பெயர் இதனால்தான். மேலொரு நிறம், கீழொரு நிறம் என்று லத்தீனில் பொருள். பழைய தாவரவியல் நூல்களில் இதற்கு ஹேமாரியா என்றும் ஒரு பெயர் உண்டு. இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சீனர்கள் கூப்பிடுவதும் 'இரத்த இலை ஆர்க்கிட்' என்றுதான்.

காட்டுத் தரையில் வளரும் இத்தனை சிறிய செடிக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்? நமக்காக இல்லை என்பது நிச்சயம். மழைக்காட்டின் உச்சியில் விழும் வெயிலில் தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். மேலே நிற்கும் மெராந்தி மரங்கள் எல்லாவற்றையும் குடித்துவிடும். மிச்சம் சிந்துவதைக் கொண்டுதான் கீழே இருப்பவர்கள் குடும்பம் நடத்த வேண்டும். கூம்பு போன்ற அந்த மேல்தோல் உயிரணுக்கள் சாய்ந்து வரும் வெளிச்சத்தையும் வழுக்கவிடாமல் பிடித்து, சின்ன வில்லைகளைப் போல உள்ளே குவிக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அடிப்பக்கச் சிவப்பைப் பற்றிய ஒரு விளக்கம் நம் ஊரில் பிறந்தது என்பதில் எனக்கொரு சின்ன மகிழ்ச்சி. 1970களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ என்ற தாவரவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும், நிழலில் வாழும் மழைக்காட்டுச் செடிகளின் சிவந்த அடிப்பாகத்தை ஆராய்ந்து 1979ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலையைக் கடந்து வீணாகப் போகும் ஒளியை அந்தச் சிவப்பு அடுக்கு திரும்பவும் பச்சைப் பகுதிக்குள் தள்ளிவிடக்கூடும் என்பது அவர்கள் கருத்து. பின்னாளில் அளந்து பார்த்த சிலர் அதை ஏற்கவில்லை. மரக்கிளை அசையும்போது திடீரென்று விழும் கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை அது என்பது இன்னொரு கட்சி. விவாதம் முடியவில்லை. அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். "உள்துணி" என்றார். "மேல் துணி மெல்லிசா இருந்தா லைனிங் கொடுப்போம்ல, அது மாதிரி."

கைகள் இலையிலிருந்து காம்புக்கும், காம்பிலிருந்து தண்டுக்கும் போயின. இந்தச் செடியின் தண்டு நேராக நிற்காது. சருகின்மேல் படுத்து ஊர்ந்துபோய் நுனியில் மட்டும் தலைதூக்கும். சதைப்பிடிப்பானது, கணுக்கணுவானது, இடையிடையே இறுகியும் புடைத்தும் இருக்கும். சீனக் கடைகளில் சூப்புக்கு விற்கும் தாமரைத் தண்டைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே தண்ணீர் தேக்கி வைத்திருப்பதால் வளையத் தெரியாது.

டக் என்று உடைந்தது.

அம்மா கையை உடனே இழுத்துக்கொண்டார். "நான் எதையும் தொடக் கூடாது பாப்பா" என்றார்.

அதை அவர் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னார் என்றில்லை. கண் போன பிறகு இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒரு குங்குமச் சிமிழ், அப்பாவின் படத்துக்கு முன்னால் வைக்கும் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கைதவறிப் போக, அவர் மெல்ல மெல்லக் கைகளை மடியில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். எதையாவது எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். நானும் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்து, அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவாளருக்குப் புலனத்தில் செய்தி அனுப்பினேன். சிரித்த முகத்தோடு பதில் வந்தது: "எனக்குக் கிடைச்சதும் உடைஞ்ச துண்டுதான். நட்டு வைங்க."

காட்டிலும் இது இப்படித்தான் பரவுகிறதாம். தண்டு எளிதில் முறியும். முறிந்த துண்டில் ஒரு கணு ஈரச் சருகைத் தொட்டால் போதும், அங்கே வேர் இறங்கிவிடும். அம்மாவின் மடியில் இன்னொரு தயிர் டப்பாவை வைத்தேன். "நீயே நடும்மா. ரெண்டு கணு உள்ளே போகணும், இலை வெளியே." கணுக்களை விரலால் எண்ணி, இலைமக்கில் பள்ளம் பறித்து, துண்டைப் படுக்கவைத்தாற்போல வைத்து மூடினார். நேராக நடாமல் படுக்கவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டைத் தடவியபோதே அது எப்படி வளர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, துண்டை இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு" என்றார். கணுவிலிருந்து இறங்கிய வேர்கள் குட்டையானவை, தடித்தவை, மேலே மென்மயிர் போர்த்தியவை. மரத்தில் தொங்கும் ஆர்க்கிட்டுகளின் நீண்ட வெள்ளை வேர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கும். ஒரே குடும்பம்தான், ஒருவர் மாடியில், ஒருவர் தரைத்தளத்தில்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. இதன் உறவுக்காரச் செடி ஒன்று நம் காடுகளில் இருக்கிறது: மக்கோடெஸ் பெத்தோலா. அதன் இலையில் மின்னல் வெட்டியதுபோலப் பொன்னிறக் கோடுகள் பின்னிக் கிடக்கும். பெயரைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "பெத்தோலான்னா பீர்க்கங்காய்ல?" பாசாரில் மலாய்க்கார மாக்சிக்கிடம் பீர்க்கங்காய் கேட்பது அந்தச் சொல்லால்தான். ஆனால் மலாய் மொழியில் பெத்தோலா என்பது சித்திரம் நெய்த பட்டுக்கும் பெயர். குஜராத்தின் பட்டோலாப் பட்டு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலேறி இந்தத் தீவுகளுக்கு வந்து, அரண்மனைத் துணியாக மதிக்கப்பட்டது. இலையில் இருந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டு நினைவுக்கு வந்து, அதன் பெயரையே செடிக்கும் வைத்துவிட்டார்கள். ஜரிகை என்று கேட்ட அம்மா ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் தாய்ச்செடி பூத்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போனது. அம்மா தொட்டுப் பார்த்து, "வெண்டைக்காய்ச் சுணை மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், பூத்தண்டில் மெல்லிய மயிர் உண்டு. அதில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூக்கள், கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். விரலால் பார்க்க முடியாத அளவு, தொட்டால் கசங்கிவிடும். மறுபடியும் என் முறை.

இரண்டு நாள் யோசித்தேன். பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் என்று சொல்லியிருந்தால் மல்லிகையிலிருந்து ரம்புத்தான் பூ வரைக்கும் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆர்க்கிட் பூவில் மூன்று புறவிதழ், மூன்று அகவிதழ். அகவிதழ்களில் ஒன்று மட்டும் உருமாறி உதடு போல நிற்கும். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாக ஒட்டி ஒரு சின்னத் தூணாக நடுவில் இருக்கும். இதுவரை எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொது. பெரும்பாலான ஆர்க்கிட் பூக்களை நடுவில் கோடு போட்டு மடித்தால் இடமும் வலமும் பொருந்தும், நம் முகம் போல. இந்தச் செடியில் பொருந்தாது. உதடு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது; தூண் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. தூணின் தலையில் மஞ்சள் தொப்பி. உதட்டின் நுனி இரண்டாகப் பிரிந்து பட்டாம்பூச்சி இறக்கை போல விரிந்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

துணி காயப்போடும்போது வழி கிடைத்தது. ஈரத் துண்டின் ஒரு முனையை அம்மாவின் கையில் கொடுத்தேன். "பிழியும்மா." அவர் வலப்பக்கம் திருகினார், நான் இடப்பக்கம் திருகினேன். "இதான் பூ. உன் கைதான் தூணு, என் கைதான் உதடு."

அம்மா துண்டை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். "ஏன் இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது?"

"வர்ற பூச்சியோட உடம்புல சரியான இடத்துல மகரந்தம் ஒட்டணும்ல. ஆர்க்கிட் பூவோட வளைவு நெளிவெல்லாம் அதுக்குத்தாம்மா."

பூச்சி எங்கள் ஏழாவது மாடிக்கு வரவில்லை. வந்து காய் பிடித்திருந்தாலும் நாங்கள் விதை போட்டு வளர்த்திருக்க முடியாது. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. மற்ற விதைகளில் குஞ்சுச் செடிக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு இதில் இருக்காது. மண்ணில் பொருத்தமான பூஞ்சை அருகில் இருந்து ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை, அந்த ஈரம், அந்த நிழல் எல்லாம் சேர்ந்ததுதான் காடு.

அதனால்தான் இதையும் சொல்லத் தோன்றுகிறது. முகநூலில் இந்த வகைச் செடிகளை வேரோடும் பாசியோடும் குவித்துப் படம் போட்டு விற்பதைப் பார்க்கிறேன். பூச்சி கடித்த இலைகள், ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவுகள், வேரில் காட்டுச் சருகு. பண்ணையில் வளர்ந்தவை பார்க்கவே அப்படி இருக்காது. நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். எல்லை தாண்டி விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தால் மூன்று வாரத்தில் வேர்விடும் செடியைக் காட்டிலிருந்து ஏன் பிடுங்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் ஒலிப்பதிவாளரிடமிருந்து ஆரம்பித்த தயிர் டப்பா இப்போது எங்கள் நிலையத்தில் ஐந்து மேசைகளில் இருக்கிறது.

அம்மா நட்ட துண்டில் இப்போது நான்கு இலை. தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவார். நான் கைவைக்கக் கூடாது. போன வாரம் ஈப்போவிலிருந்து சின்னம்மா அழைத்தபோது, நான் அடுத்த அறையில் மறுநாள் நிகழ்ச்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் குரல் கேட்டது.

"...ஆமா, மெரூன். கருப்புன்னு நினைச்சுடுவே, கருப்பு இல்ல. மேல செம்புல ஜரிகை. தொட்டா வெல்வெட்டு மாதிரி இருக்கும், ஆனா வாட்டம் கிடையாது. அடியில செவப்பு லைனிங். பூவு இத்துனூண்டு. துணி பிழிவோம்ல, அது மாதிரி முறுக்கிக்கிட்டு..."

அப்புறம் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஜரிகை அஞ்சு கோடா, ஏழா? உன் சின்னம்மா கேக்குறா."

நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டு, இலையைத் தூக்கிப் பிடித்தேன். நன்றாகத் தெரிவது ஐந்து. ஓரத்தை ஒட்டி இரண்டு, இருக்கிறதா இல்லையா என்பதுபோல.

"அஞ்சும்மா. ஓரத்துல இன்னும் ரெண்டு, ரொம்ப மங்கலா."

"ஏழு" என்றார் அம்மா, சின்னம்மாவிடம்.